ராஸ் இல்லாத புத்தகம்

கல்லூரியில் விலங்கியல் படித்த காலத்தில், யார் புத்தகம் கேட்டாலும் பால் டி க்ரைஃபின் ‘மைக்ரோப் ஹன்டர்ஸ்’ என்பேன். 1926-இல் வந்தது. எங்கள் நூலகத்தில் இருந்தது லண்டன் பதிப்பு. பாஸ்டர் உண்டு, கோக் உண்டு, ட்செட்ஸி ஈயைத் துரத்திய டேவிட் புரூஸும் உண்டு. ரொனால்ட் ராஸ் மட்டும் இல்லை. தன்னைப் பற்றி எழுதிய விதம் ராஸுக்குப் பிடிக்கவில்லை. அவதூறு வழக்குக்கு அஞ்சி, பிரிட்டிஷ் பதிப்பில் அந்த அத்தியாயத்தையே எடுத்துவிட்டார்கள். அல்மோராவில் பிறந்தவர், 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில், கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டவர். அவரை இந்தியாவில் உட்கார்ந்து படித்த எங்களால் அந்தப் புத்தகத்தில் சந்திக்க முடியவில்லை.

இன்று அமெரிக்கப் பதிப்பு முழுதாகக் கைப்பேசியிலேயே கிடைக்கிறது. கேட்கும் பிள்ளைகளிடம், ராஸைப் படித்த கையோடு உசேன் கானையும் தேடிப் படியுங்கள் என்கிறேன். கடிக்கும் கொசு ஒன்றுக்கு ஓரணா வாங்கிக்கொண்டு உடம்பைக் கொடுத்த மலேரியா நோயாளி அவர். அவருடைய ரத்தம் குடித்த கொசுவில்தான் ராஸ் தேடியது கிடைத்தது.

அன்று அலமாரியில் தொடுவாரின்றிக் கிடந்த ஹான்ஸ் ஜின்சரின் ‘ராட்ஸ், லைஸ் அண்ட் ஹிஸ்டரி’ (1935) தான் இன்று என் முதல் பரிந்துரை. டைஃபஸ் காய்ச்சலின் வாழ்க்கை வரலாறு. காய்ச்சல் வந்து சேர்வதற்குள் புத்தகத்தில் பெரும்பகுதி ஓடிவிடும். இலக்கியம், பேன், எலி என்று சுற்றிக்கொண்டே இருப்பார். பொறுமை வேண்டும், ஆனால் பொறுத்தவருக்குப் பலன் உண்டு. டைஃபஸைப் பரப்புவது சீலைப்பேன் என்று 1909-இல் துனிசில் சார்ல் நிக்கோல் கண்டறிந்தார். பேனின் பக்கம் போய் நின்று பார்ப்பவர் ஜின்சர். காய்ச்சல்காரரின் ரத்தம் குடித்த பேனுக்கும் நோய் தொற்றுகிறது. குடல் சிதைந்து, உடல் சிவந்து சாகிறது. மனிதராவது பிழைப்பதுண்டு, பேனுக்கு அதுவும் இல்லை. அதற்காக மனதார இரங்குகிறார். இத்தனை பேரைக் கொன்ற நோயைப் பற்றி எழுதும்போதும் அந்த இரக்கம் வற்றாதது எனக்குப் பெரிய விஷயம்.

பிறகு ராபர்ட் டெசோவிட்சின் ‘தி மலேரியா கேப்பர்ஸ்’ (1991). காலா அசார், மலேரியா ஆகிய இரு நோய்களையும் ஆராய்ச்சிப் பணம் எங்கே போயிற்று என்ற கோபத்தோடு சொல்வது. சதுப்பு நிலம் தேடாமல் சென்னையின் கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் குஞ்சு பொரிக்கும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி கொசுவைப் பற்றி இதே வேகத்தில் தமிழில் ஒருவர் எழுதினால், கேட்காதவர் கையிலும் கொண்டுபோய்க் கொடுப்பேன்.