ஞானதிருஷ்டி சர்வீஸ் சென்டருக்கு ஒரு விண்ணப்பம்

நேரு பிளேஸில் மதர்போர்டு சர்வீஸ் சென்டர் நடத்திவரும் மேன்மை தங்கிய ஐயா அவர்களின் சமூகத்திற்கு, மயூர் விஹாரில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு தமிழன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

தங்கள் நலம் விசாரிக்க வேண்டியதில்லை. தங்கள் ஏ.சி. ஜம்மென்று ஓடுவதை நேற்றே பார்த்தேன். என் கம்ப்யூட்டர்தான் ஓடவில்லை.

டோக்கன் முறை வந்து புத்தம்புது போர்டை நீட்டியதும் தங்கள் இன்ஜினியர் தம்பி கேட்ட முதல் கேள்வி, “அங்கிள் ஜி, பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போட்டீங்களா?” வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும் இந்தியில் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். சர்க்கார் ஆபீஸில் வேலை பார்ப்பவனுக்கு அந்தச் சிரிப்பு தானாக வரும்.

போட்டேன் ஐயா. 24 பின் கனெக்டரைக் கழற்றி மாட்டினேன், பிராசஸருக்குப் போகும் 8 பின்னையும்தான். கேபினெட் பட்டன் மேல் சந்தேகம் வந்து, போர்டில் பவர் சுவிட்சுக்கு உள்ள இரண்டு முள்ளையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் தொட்டுப் பார்த்தேன். போர்டை வெளியே எடுத்து அட்டைப்பெட்டி மேல் வைத்து, ஒற்றை ராமோடு உயிர் கொடுக்கப் பார்த்தேன். கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் பேப்பர் கிளிப்பால் சேர்த்தால் அதன் ஃபேன் சுற்றுகிறது. போர்டில் மாட்டினால் பேச்சு மூச்சில்லை. பக்கத்து வீட்டுப் பையனின் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாட்டினாலும் அதே கதை.

இதெல்லாம் ஞானதிருஷ்டி இல்லாதவன் படும் பாடு. தங்கள் தம்பி அந்த போர்டுக்கு ஒரு சொட்டு கரண்ட்கூடக் கொடுக்கவில்லை. மொபைல் டார்ச்சை ஒரு தடவை அடித்தார், அவ்வளவுதான். வைத்தீஸ்வரன் கோயில் நாடி ஜோதிடர்கூட ஏடு தேடக் கட்டைவிரல் ரேகை கேட்பார்; இவருக்கு அதுவும் தேவைப்படவில்லை. ஜாப் ஷீட்டில் கிறுக்கினார்: சாக்கெட் பின் வளைந்துள்ளது, வாடிக்கையாளர் செய்த சேதம், வாரன்டி கிடையாது. சீல் விழுந்தது.

ஐயா, அது ஏ.எம்.4 போர்டு. அதற்கான பிராசஸரின் அடிவயிற்றில்தான் 1,331 பின்னும் இருக்கின்றன. சாக்கெட்டில் இருப்பது வெறும் ஓட்டை. இல்லாத பின்னைப் பார்ப்பதே பெரிய சித்தி. அது வளைந்திருப்பதையும் பார்ப்பதென்றால் தங்கள் கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைந்திருக்க வேண்டும். பின் உள்ள அந்த பிராசஸரோ, பக்கத்து வீட்டுப் பையனின் போர்டில் சமர்த்தாக ஓடுகிறது.

தயாரித்த இடத்திலேயே தவறு நடப்பதும் உண்டு. 2021 டிசம்பரில் அசுஸ் நிறுவனம், தன் விலையுயர்ந்த இசட்690 ஹீரோ போர்டுகள் சிலவற்றில் ஒரு கெபாசிட்டர் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. போர்டுகள் கருகிய பிறகுதான் அது தெரியவந்தது. பாவம், அந்த நிறுவனத்திடம் ஞானதிருஷ்டி இல்லை. இருந்திருந்தால் வாங்கினவன்தான் கெபாசிட்டரைத் திருப்பி மாட்டினான் என்று எழுதி சீல் போட்டிருக்கலாம்.

நேரு பிளேஸில் கச்சா பில்லா, பக்கா பில்லா என்று கேட்டபோது, வாரன்டி வேண்டுமே என்று 18 சதவீதம் வரி கூடக் கொடுத்துப் பக்கா பில் வாங்கியவன் நான். மகள் ஆர்கிடெக்சர் படிக்கிறாள். அவள் வரைபடங்களைக் கல்லூரியில் கொடுக்க வேண்டிய தேதி யாருக்காகவும் தள்ளிப்போகாது. விற்ற கடைக்காரர் கம்பெனியைக் கேள் என்கிறார், நீங்கள் உன் கையைப் பார் என்கிறீர்கள். செத்த சரக்கைத் தலையில் கட்டிவிட்டு, வாங்கினவன்தான் கொன்றான் என்று எழுதுவதற்குப் பெயர் சர்வீஸ் இல்லை. திருட்டு. அதையும் நாலு பேர் முன்னால் அவனை முட்டாளாக்கிவிட்டுச் செய்வது அயோக்கியத்தனம்.

பொறுத்தருள வேண்டும். டெல்லி வெயில், வாய் தவறிவிட்டது.

தங்கள் புகழ் நேரு பிளேஸோடு நின்றுவிடக் கூடாது என்பதே என் ஆசை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் சட்டப்படி, நான் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையான சரக்குக்குக் கட்டணமும் கிடையாது. தங்கள் சீல் பதித்த ஜாப் ஷீட்டையும் ஏ.எம்.4 சாக்கெட்டின் படத்தையும் இணைத்து அனுப்பிவிட்டேன். நோட்டீஸ் வந்ததும் தம்பியையும் அவசியம் அழைத்து வாருங்கள். டார்ச்சை மறக்க வேண்டாம். ஆணையத்தார் சாதாரண மனிதர்கள், அந்தப் பின்னை அவர்களுக்குத் தொட்டுத்தான் காட்ட வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் அங்கிள் ஜி

பி.கு.: போர்டைப் பார்த்ததற்கான கட்டணம் 500 ரூபாய், ஜி.எஸ்.டி. 90 ரூபாய், ஆக 590 கட்டிவிட்டேன். ரசீதில் ஜி.எஸ்.டி. எண்ணைத்தான் காணோம். எனக்குத் தெரியாத மையில் அச்சடித்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. வரித்துறைக்கும் ஒரு நகல் அனுப்பியிருக்கிறேன், அவர்களுக்காவது தெரிகிறதா பார்க்கலாம்.