ஆறு மணிப் பெரட்டு

கேள்வி: நல்ல பைனாகுலர் எது? (புசல்லாவை)

பதில்: கழுத்தில் தொங்குவது. அலுமாரியில் கிடப்பவை எல்லாம் ஒரே தரம்தான்.

கேள்வி: 55இல் வேலையை விட்டுப் பறவை பார்க்கப் புறப்படலாமா, 60 வரை பொறுக்கலாமா? (பூண்டுலோயா)

பதில்: 60 வரை வைத்திரு என்று 2021ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது முதலாளியிடம், உங்களை அது கட்டிப்போடவில்லை. ஆண்களுக்கு 55இல் சேமலாப நிதியும் கைக்கு வரும். ஆனால் இங்கே கணக்குப் பார்க்க வேண்டியது காசை அல்ல, காதை. வயது ஏற ஏற முதலில் கழன்றுபோவது கீச்சென்ற மெல்லிய ஒலிகள்தான். மூடுபனி இறங்கும் நம் மலையில் பறவையைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் காதின் வேலை. காதுக்கு மெஷின் உண்டே என்பீர்கள். சத்தத்தைக் கூட்டித் தரும். எந்தக் கிளையில் என்று கேட்டால் தடுமாறும். இன்னும் ஐந்து வருடம் உழைத்தால் சேமிப்புக் கூடும், காட்டில் குருவிகள் குறையும். அவை செத்தல்ல, உங்களுக்குக் கேட்காமல். ஜி. எம். ஹென்றியைப் பாருங்கள். 1891இல் பிறந்தார். 1946இல், நீங்கள் கேட்கும் அதே 55 வயதளவில், கொழும்பு நூதனசாலை வேலையை முடித்தார். இலங்கைப் பறவைகள் பற்றிய அவருடைய புகழ்பெற்ற வழிகாட்டி நூல் 1955இல் வந்தது. அவர் விஞ்ஞானியாச்சே என்று நழுவ வேண்டாம். நூதனசாலை அவருக்குச் சம்பளம் கொடுத்தது பூச்சிகளுக்காக.

கேள்வி: காட்டுக்கோழியைப் பார்ப்பதும் பறவை பார்ப்பதில் சேருமா? (ஹட்டன்)

பதில்: தேசியப் பறவை, சேரும். சட்டியில் பார்த்தால் சேராது.

கேள்வி: கொத்மலையில் இருப்பவன் பறவை பார்க்க எந்த நாட்டுக்குப் போகலாம்? (கொத்மலை)

பதில்: நுவரெலியா பஸ்ஸில் ஏறுங்கள். கொத்மலை நீர்த்தேக்கம் சுமார் 700 மீட்டர், நுவரெலியா 1,868, ஹோர்ட்டன் சமவெளி 2,100க்கு மேல். உயரம் மாறினால் பறவை மாறும். கீழே நீர்க்காகம் சிறகை விரித்துக் காய வைத்திருக்கும். மேலே இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத மஞ்சள் காதுச் சின்னான். விமானம் ஏறிப் பக்கவாட்டில் ஓடுகிறவர்களுக்கு இந்தச் செங்குத்துப் பயணம் புரிவதில்லை. வழியெல்லாம் தேயிலைதானே, அதில் என்ன இருக்கும் என்றால், நியாயம்தான். ஒரே செடி நிறைந்த மலையில் பறவைக்குச் சாப்பாடு குறைவு. ஆகவே ஓடைக்கரை, நிழல் மரம், லயத்துக் கொல்லை ஆகியவற்றைப் பாருங்கள். நுவரெலியா விக்டோரியா பூங்காவில் எல்லாரும் பூவுக்கு முன் நின்று படம் எடுக்கும்போது, காஷ்மீரிலிருந்து வந்த ஈப்பிடிப்பான் மரத்தடியிலும் அழுக்கு ஓடையோரத்திலும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். அந்தப் பறவை விசா இல்லாமல் வந்து மாதக்கணக்கில் தங்குகிறது. நீங்கள் இரண்டு இரவுக்கு அதன் ஊருக்குப் போய் என்ன காணப்போகிறீர்கள்? காலத்தைக் கையில் வைத்திருப்பவர் ஓடக்கூடாது. பட்டியல் நிரப்ப ஓடுகிறவர் இன்னும் ஓய்வு பெறவில்லை, ஆபீசை மாற்றியிருக்கிறார்.

கேள்வி: தினமும் கொழுந்து பறிக்க மலையில் நிற்கும் எங்கள் பெண்கள் பார்க்காத பறவையா? இதெல்லாம் வசதியுள்ளவன் விளையாட்டு. (தலவாக்கலை)

பதில்: பாதி உண்மை. வாலாட்டும் குருவியை அவர்கள் உங்களுக்கும் எனக்கும் முன்பே கண்டிருப்பார்கள். ஆனால் கண் கொழுந்தில், மனம் நிறைக் கணக்கில். குளிர்காலத்தில் வரும் ஆறுமணிக்குருவி பெயருக்கேற்பக் பெரும்பாலும் காலை ஆறையும் மாலை ஆறையும் ஒட்டிக் குரல் கொடுக்கும். அது கூப்பிடும் காலை நேரத்தில் அடுப்பும் பிள்ளைகளும், வேலைக்கு ஆள் பிரிக்கும் தோட்டத்துப் பெரட்டும் கூப்பிடுகின்றன. அந்த ஒரு மணி நேரம் எப்போது அவர்கள் கைக்கு வரும் என்பதற்கு என்னிடம் பகிடி இல்லை.