செட் சேராத சேனாபதி

பொம்மை சேர்ப்போர் என்று பொதுவாகச் சுட்டப்படும் மனிதருள், புரட்டாசி நவராத்திரியில் ஒன்பது நாள் கொலு வைப்பதற்காக ஆண்டின் எஞ்சிய 356 நாட்களையும் செலவிடுபவர் தனிப் பிரிவாக வைத்து ஆராயத்தக்கவர். ஒற்றைப்படை எண்ணிக்கையில் படி கட்டி, உச்சியில் கலசமும் மரப்பாச்சியும் தெய்வங்களும், நடுவே மகான்களும், கீழே செட்டியார் கடை முதலிய மனித வாழ்வும் விளங்கப் பொம்மைகளை அடுக்குவதே கொலு என்பதைத் தமிழர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் அது பெண்கள் பொறுப்பிலுள்ள விழா என்னும் நம்பிக்கை இவ்வகையினர் வீட்டில் செல்லாது. இல்லத்தரசி மாமியாரிடமிருந்து பெற்ற மூன்று படிக் கொலு, கணவர் பணி ஓய்வு பெற்ற மறுநாளே கைமாறி, ஐந்தாகி, ஏழாகி, ஒன்பதாகி வளர்கையில், அம்மையாரின் அதிகாரம் சுண்டலுக்கு உப்புப் போடும் அளவில் குறுகிவிடுகிறது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் காணப்படும் இவ்வகையினர் பெரும்பாலும் நூற்பாலைக் கணக்கராகவோ, பள்ளி ஆசிரியராகவோ, கூட்டுறவுச் சங்க எழுத்தராகவோ இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுவதும் பிறர் சொற்படி நடந்த ஒருவர்க்கு, நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கும் சேனை ஒன்று கிடைப்பது எளிய பேறன்று. கொலு பற்றி வழங்கும் விளக்கங்களுள் ஒன்று, மகிடாசுரனை வெல்லத் தேவர்கள் தம் ஆற்றலையெல்லாம் தேவிக்கு அளித்துவிட்டு அசைவற்றுச் சிலையாய் நின்றனர் என்பது. இவர் அதனை அப்படியே கடைப்பிடிக்கிறார். வீட்டிலுள்ளோர் தம் ஆற்றலையும் அலமாரியையும் ஓரளவு சேமிப்பையும் அவர்க்கு அளித்துவிட்டு அசைவற்று நிற்கின்றனர்.

வானம் பார்த்த பூமி என்று ஏனையோர் இரங்கும் இந்நிலம் பொம்மைக்காரருக்கு வாய்த்த வரம் என்பது இவர் கொள்கை. காகிதக் கூழால் ஆன பொம்மையைப் பூஞ்சை தின்பதும், சுடுமண் பொம்மையில் ஈரம் ஏறி வண்ணம் செதில் செதிலாக உரிவதும் மழை வளம் மிக்க ஊர்களின் துயரம் என்றும், ஐப்பசி மழையையே ஐயத்தோடு எதிர்பார்க்கும் ஊரில் அத்துயரத்துக்கு இடமில்லை என்றும் அவர் வாதிடுவார். பக்கத்து வீட்டுச் சம்சாரி மேகத்தைப் பார்த்து மகிழும்போது இவர் மாடிக்கு ஓடிக் காயும் பொம்மைகளைக் கூடைபோட்டு மூடுவதால், ஒரே தெருவில் ஒரே மழைக்கு இருவகை வேண்டுதல் சென்று சேர்கிறது. வறட்சி வரமென்றாலும் முழு வரமன்று. ஆடிக்காற்று வாரிவரும் புழுதி, எளிதில் காயாத எனாமல் பெயிண்டில் ஒட்டிக்கொண்டு, பட்டுப் பீதாம்பரத்தைச் சாக்குத் துணியாக்கிவிடும். நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணமோ தூரிகை பொம்மையை எட்டுமுன்பே தட்டில் காய்ந்துபோகும். ஆகவே ஈரத்துணியை மடித்துத் தட்டில் விரித்து, அதன்மேல் எண்ணெய் ஒட்டாத தாளைப் பரப்பி, அத்தாளில் வண்ணம் குழைக்கும் உத்தியை இவர் கையாளுகிறார். துணியின் ஈரம் தாள் வழியே கசிந்து வண்ணத்தை உயிரோடு வைத்திருக்கும். ஊரில் குழாய்த் தண்ணீர் வராத நாளிலும் இத்துணி நனைந்தே இருப்பதை வீட்டம்மாள் குறித்து வைத்திருக்கிறார்.

இவ்வகையினர் வாழ்வில் ஒருமுறை தாமே பொம்மை செய்ய முயல்வர் என்பது ஏறத்தாழ விதி. கண்ணெதிரே பரந்து கிடக்கும் கரிசல் மண்ணைக் குழைத்துப் பிள்ளையார் பிடித்தால், நனையும்போது உப்பிக் காயும்போது சுருங்கும் அம்மண்ணின் இயல்பால், மூன்றாம் நாள் பிள்ளையாரின் வயிறு கோடைக் கண்மாய்போல் வெடித்து நிற்கும். பொம்மைக்குரியது கண்மாய் வண்டல். அதிலும் மணல் அளவாய்ச் சேர்த்துப் பக்குவப்படுத்தி, அச்சில் பதித்து, நிழலில் உலர்த்தி, சூளையில் சுட வேண்டும் என்ற அறிவு, பிள்ளையாரை இழந்த பின்னரே வாய்க்கிறது. அதன்பின் அவர் படைப்புத் தொழிலைப் பிரமனுக்கும் வேளார்களுக்கும் விட்டுவிட்டு, புதுப்பிக்கும் தொழிலோடு அமைதி அடைகிறார்.

புதுப்பித்தலுக்கான கருவிகள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் அடங்கும். உரிந்த வண்ணத்தைத் தேய்க்க உப்புத்தாள். ஒடிந்த விரலையும் உதிர்ந்த கிரீட முனையையும் வளர்க்க, இரு களிம்புகளைப் பிசைந்தால் கல்லாய் இறுகும் எம்-சீல். பள்ளம் நிரவப் பட்டி. வண்ணம் பிடிப்பதற்காக முதலில் பூசும் அடிப்பூச்சாகிய பிரைமர். மூன்று சைபர் எண்ணுள்ள தூரிகை. இவற்றுக்கு மேல், பேரனிடமிருந்து கடனாகப் பெற்றுத் திருப்பித் தராத உருப்பெருக்கிக் கண்ணாடி. எம்-சீலால் இவர் கையில் மறுபிறவி எடுத்த தெய்வங்களை எளிதில் இனங்காணலாம். லட்சுமியின் நான்கு கைகளுள் மூன்று நளினமாகவும், நான்காவது ஆலைத் தொழிலாளியின் கைபோல் உறுதியாகவும் இருக்கும்.

இத்தொழிலின் உச்சம் கண் திறத்தல். தென்மாவட்டங்களில் அய்யனாருக்குப் புரவி எடுக்கும் விழாவில், வேளார் செய்த மண் குதிரைகளுக்குக் கடைசியாகக் கண் எழுதிய பின்னரே அவை தெய்வத்தின் ஊர்தியாகும் தகுதி பெறும். அதுவரை அவை சுட்ட மண். அம்மரபைத் தம் கூடத்தில் நடத்தும் இவர், அன்று காலைக் காப்பியைத் தவிர்க்கிறார், கை நடுங்கும் என்பதால். மின்விசிறி நிறுத்தப்படும். குக்கர் விசில் அடிக்கலாகாது. முழங்கை இரண்டையும் மேசையில் ஊன்றி, வலக்கையின் சுண்டுவிரலை இடக்கை மணிக்கட்டில் முட்டுக்கொடுத்து, மூச்சை இழுத்து நிறுத்தி, கடுகிற் சிறிய வெள்ளைமேல் கருப்புப் புள்ளியை வைப்பார். வலக்கண் அமைந்துவிடும். இடக்கண்ணில் புள்ளி மயிரிழை விலகினால் தேவி மாறுகண்ணாகி, எதிரே நிற்கும் மகிடனை விட்டுவிட்டு அடுத்த படியிலுள்ள காய்கறிக்காரியை முறைப்பாள். திருத்தப் போனால் விழி பெருக்கும். விழியைச் சிறிதாக்க இமையைத் தடித்தெழுத, இமைக்கேற்பப் புருவம் உயர, ஒரு முற்பகல் கழிவதற்குள் சாந்த சொரூபி சினங்கொண்ட காளியாகிவிடுவாள். அவ்வாறு ஆனபின், முதலிலேயே காளியாகத்தான் எண்ணியிருந்தது என்று அறிவித்துவிட்டு அவர் காப்பி கேட்பார்.

படைக்கு ஆள் சேர்க்கும் இடம் மதுரையை அடுத்த விளாச்சேரி. களிமண் பொம்மைக்குப் பெயர்பெற்ற அவ்வூர் அருப்புக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதும், அங்கே பேருந்து எளிதில் கிடைப்பதும் இக்குடும்பங்களின் பொருளாதாரத்தைப் பெரிதும் பாதித்த புவியியல் உண்மைகள். ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மையேனும் வாங்க வேண்டும் என்பது மரபு. ‘ஏனும்’ என்ற சொல்லை இவர் தமக்கு வழங்கப்பட்ட முழு உரிமைச் சாசனமாகக் கொள்கிறார். அதனினும் கொடியது ‘செட்’ என்னும் ஏற்பாடு. கல்யாண செட், கச்சேரி செட், கிரிவல செட், கிரிக்கெட் செட், தசாவதார செட் என ஒரு காட்சிக்குரிய பொம்மைகளைத் தொகுத்து விற்கும் இம்முறையில், எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் வாங்குவது சிக்கனத்துக்கு ஒவ்வாது என்று கருதி இவர் தவணையில் வாங்குகிறார். அடுத்த ஆண்டு போகும்போது அதே அச்சுப் பொம்மையின் வேட்டிக் கரை வேறு நிறத்தில் இருக்கும். சாயப்பட்டறைகளும் தறிகளும் மிகுந்த ஊரில் பிறந்தவர்க்கு நிற வேறுபாடு கண்ணில் விழுந்த தூசு. முந்தின பாவுக்கும் பிந்தின பாவுக்கும் சாயம் ஒத்துவராத சேலையை வாங்காமல் திருப்பியனுப்பும் மரபினர் அவர். ஆகவே புதிய பொம்மைக்கு ஏற்பப் பழைய பதினொன்றையும் மீண்டும் தீட்டத் தொடங்குகிறார். அது முடியுமுன் புதுப் பொம்மை பழையதாகிவிடுகிறது.

திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த ரமணர், இவ்வட்டாரக் கொலுக்களில் மகான்களின் படியில் முதலிடம் பெறுகிறார். உள்ளூர்க்காரர் என்னும் பெருமை ஒரு காரணம். கோவணம் மட்டும் அணிந்தவராதலால் கரைநிறத் தகராறுக்கு இடந்தராதவர் என்பது இவர்க்கு மட்டும் விளங்கும் மற்றொரு காரணம். சேகரிப்பில் இருபது ஆண்டுகளாக எவ்விதத் திருத்தமும் வேண்டாது அமர்ந்திருக்கும் ஒரே பொம்மை அது. சும்மா இருத்தலின் பயனை இவர் அதில் கண்கூடாகக் கண்டும், தாம் சும்மா இருப்பதில்லை.

விழா முடிந்தபின் படை பரணேறும் நிகழ்ச்சியிலும் இவ்வூரின் முத்திரை உண்டு. மற்ற ஊர்க்காரர் செய்தித்தாளில் சுற்றும் பொம்மைகளை, இவர் நூற்பாலைக் கழிவுப் பஞ்சில் புதைத்து, பழந்துணியால் பொதிந்து, அந்துருண்டை இட்டு, பெட்டியின்மேல் உள்ளடக்கத்தையும் ஆண்டையும் குறிக்கிறார். அப்பெட்டிகளுள், ‘தீட்ட வேண்டியவை’ என்று எழுதப்பட்டவை ஆண்டுதோறும் பெருகி வருவதை, முன்னாள் கணக்கரான அவரே எந்த ஐந்தொகையிலும் காட்டுவதில்லை. “ஏங்க, பரண்ல இன்னும் ஏறாதது நம்ம ரெண்டு பேருந்தான்” என்று மனைவி கூறும்போது, அவர் பரணின் அகலத்தை ஒருகணம் மனத்தால் அளந்துவிட்டுப் பிறகே புன்னகைப்பார்.

இப்பெட்டிகள் உலகளாவிய ஒரு நோயின் அறிகுறி என்பதை அறிய மேற்கு நாடுகளைச் சிறிது நோக்கலாம். எச். ஜி. வெல்ஸ் 1913ஆம் ஆண்டிலேயே பொம்மைச் சிப்பாய்களைத் தரையில் நிறுத்திப் போரிடும் விளையாட்டுக்கு விதிநூல் எழுதினார். 1975இல் லண்டனில் தொடங்கிய கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனத்தின் வார்ஹாமர் விளையாட்டு 1983இல் வெளிவந்தது. அதில் மாயப் போர்வீரர், அரக்கர், பறவைநாகம் முதலிய சிற்றுருவங்களை விளையாடுவோரே ஒட்டி, வண்ணம் தீட்டி, மேசையில் அணிவகுத்து, அளவுநாடாவால் அங்குலம் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி வெற்றி தோல்வி காண்பர். மனித உருவம் ஒன்று ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் உயரமே இருக்கும். நீர்த்த கருவண்ணத்தை மேலே வழியவிட்டு மடிப்புகளில் தேங்கச் செய்து நிழல் காட்டுவதும், தூரிகையைத் துடைத்து உலர்த்தி மேடுகளில் மட்டும் வெளிர்நிறம் உரசி ஒளி காட்டுவதும் அவர்களுடைய அடிப்படை உத்திகள். தீட்டாமல் குவிந்தவற்றை ‘அவமானக் குவியல்’ என்று அவர்கள் தம்மைத் தாமே எள்ளிக்கொள்கின்றனர். அருப்புக்கோட்டைக்காரர் அத்துணை வெளிப்படையானவர் அல்லர். அவர் அதனைப் பரண் என்றே அழைக்கிறார்.

இவ்விரு உலகங்களும் சந்திக்கும் இடம் பெங்களூரில் கணினி வேலை பார்க்கும் மருமகன். தலைதீபாவளிக்கு முன்னதாகவே நவராத்திரிக்கு வந்துசேரும் அவர், தாம் தீட்டிய கவச வீரர் ஐவரையும் பச்சை முக அரக்கர் மூவரையும் பஞ்சுப் பெட்டியில் கொண்டுவந்து காட்ட, மாமனார் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு, அரக்கனின் கண்ணை நெடுநேரம் பார்த்துவிட்டு, “ரெண்டு கண்ணும் நேரா இருக்கே, மாப்பிள்ளை” என்கிறார். வரதட்சணை, சாதகம் முதலியவற்றால் எட்டப்படாத உறவு அக்கணத்தில் உறுதிப்படுகிறது. மருமகன் அவர்க்குக் கருவண்ணம் வழியவிடும் வித்தையைக் கற்பிக்க, மாமனார் எம்-சீலின் மறைபொருளை உபதேசிக்கிறார். ஆயினும் இந்தப் படைகள் ஒன்றோடொன்று மோத வேண்டும் என்பதையும், அதற்காகப் பொம்மையைக் கையால் தொட்டு நகர்த்த வேண்டும் என்பதையும் கேட்டவுடன் மாமனார் திடுக்கிடுகிறார். உடையக்கூடியதைக் கொண்டு சண்டையிடுவது அறிவுடைமையன்று என்னும் அவரது போர்க்கொள்கை உலக நாடுகள் கவனிக்கத்தக்கது.

கவச வீரர்கள் கடைசிப் படிக்குக் கீழே, கேழ்வரகு முளைக்கவிட்ட பூங்காவின் வாயிலில் நிறுத்தப்படுகின்றனர். வெற்றிலை பாக்கு வாங்க வந்த மூதாட்டி, “இது என்ன சாமி அண்ணாச்சி?” என்று வினவினால், “துவாரபாலகர் ஆச்சி” என்ற விடை தயங்காமல் வரும். பச்சை அரக்கர்க்கு விளக்கமே தேவைப்படுவதில்லை. அவர்களை எல்லோரும் அசுரர் என்று கண்டவுடன் ஏற்றுக்கொள்கின்றனர். விருந்தினர் வகைகளை இவர் நுட்பமாகப் பிரித்து வைத்துள்ளார். பாட்டுப் பாடிவிட்டுச் சுண்டலுக்குக் காத்திருப்போர் பொறுக்கத்தக்கவர். பொம்மையைத் தொடும் சிறுவர் கண்காணிக்கத்தக்கவர். ‘இது போன வருசமும் இருந்துச்சே’ என்போர் மறு ஆண்டு அழைக்கத்தகாதவர். உடைந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தோற்பவரே உண்மை ரசிகர். அவர்க்கு மட்டும் அவ்விடம் காட்டப்படும்.

இச்சேனாபதியின் உள்ளக்கிடக்கையை விளக்குவது தசாவதார செட். மச்சம் முதல் கண்ணன் வரை ஒன்பது உருவங்களைத் தவணையில் சேர்த்து, ஒன்பதுக்கும் ஒரே மஞ்சளில் பீதாம்பரம் எழுதி முடித்தவர், பத்தாவதாகிய குதிரைமேல் வரும் கல்கிக்காக விளாச்சேரிக்கு நடையாய் நடக்கிறார். “அச்சு உடைஞ்சு போச்சுண்ணே, அடுத்த வருசம் பாப்போம்” என்று கைவினைஞர் கைவிரிக்கும்போது அவர் முகத்தில் தோன்றுவதைப் பிறர் ஏமாற்றம் என்று நினைக்கலாம். கூர்ந்து நோக்கின் அது நிம்மதி. செட் நிறைந்துவிட்டால் பேருந்து ஏற முகாந்திரம் ஏது? வேறு கடையில் கல்கி தனியாகக் கிடைக்கிறதே என்று மருமகன் கைப்பேசியில் படம் காட்டியதற்கு, குதிரையின் வால் சரியில்லை என்று தள்ளிவிட்டார். மனைவி நேராகக் கேட்டபோது மட்டும் சாத்திரத்தைத் துணைக்கு அழைத்தார். கலியுகத்தின் நீளம் 4,32,000 ஆண்டு என்றும், அதன் முடிவில் வர வேண்டியவரை இப்போதே படியேற்றுவது முறையன்று என்றும், அதுவரை அவர்க்குரிய இடத்தைக் காலியாக வைத்திருப்பதே பக்தி என்றும் எடுத்துரைத்தார். அம்மையார் வாதத்தை மறுக்கவில்லை. காலியாயிருந்த அந்த இடத்தில் சுண்டல் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, கல்கி வரும்போது எடுத்துக்கொள்வதாக உறுதியளித்தார்.