அனுமதி வாங்கிய ஓடுகாலி

எங்கள் தெருவில் ஒரு பெண் ஓடிப்போனபோது எனக்குப் பத்து வயது. ராத்திரியோடு ராத்திரியாகக் கொல்லைப்புறம் வழியாகப் போனாள். கையில் ஒரு மஞ்சள் பை. செருப்பு மட்டும் மறுநாள் காலையிலும் கிணற்றடியில் கிடந்தது. ஓடிப்போவது என்றால் அன்றிலிருந்து எனக்கு அந்தச் செருப்புதான்.

2024 ஜூலையில் என் அக்கா மகன் வீட்டுக்கு வந்தான். நாங்கள் இருவருமே சியாட்டில் பக்கம்தான் இருக்கிறோம். காபியைக் கையில் வாங்கிக்கொண்டு, "மாமா, நாங்க ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணிக்கப் போறோம். அடுத்த வருஷம் செப்டம்பர் 18, காலை எட்டேகால். வியாழக்கிழமை, கூட்டம் இருக்காது. நீங்க ஃப்ரீதானே?" என்றான்.

"ஓடிப்போறதுக்கு எதுக்குடா பதினாலு மாசம்?"

"அப்பதான் சிம்பிளா பண்ண முடியும்."

இந்த 'சிம்பிளா'வை வைத்துத்தான் திட்டம் போட்டு ஓடும் இந்த இனத்தை அடையாளம் காண வேண்டும். இவருக்கு மண்டபம் பிடிக்காது, ஆயிரத்து இருநூறு இலை பிடிக்காது, போட்டோவுக்கு வரிசையில் நிற்கும் சனமும் பிடிக்காது. (எனக்கும்தான் பிடிக்காது, என் கல்யாணத்தில் என்னை யாரும் கேட்கவில்லை.) பையன் மடிக்கணினியைத் திறந்து எக்செலைக் காட்டினான். கோப்பின் பெயர் 'ஓட்டம் - இறுதி - 4'. உள்ளே ஏழு தாள்கள். மழைக்கு மட்டும் ஒரு தனித் தாள்: கொஞ்சம் மழை, நிறைய மழை, பக்கவாட்டு மழை. மழை இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதற்கு ஏற்பாடு எதுவும் இல்லை.

இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. பழைய அகப்பாட்டுக்காரர்கள் உடன்போக்கு என்றால் ஜோடியைப் பாலை வழியாகத்தான் அனுப்புவார்கள். தண்ணீர் இருக்காது, நிழல் இருக்காது, வழிப்பறிக்காரர்கள் இருப்பார்கள், பின்னாலேயே செவிலித்தாய் தேடிக்கொண்டு வருவாள். இவன் பிடித்த இடம் ஒலிம்பிக் தேசியப் பூங்காவின் ஹோ மழைக்காடு. ஆண்டுக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர் மழை. தமிழ்நாட்டின் சராசரியைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு. தேடி வர வேண்டிய அவசியமும் யாருக்கும் இல்லை. எல்லோருக்கும் லொக்கேஷன் அனுப்பிவிட்டான்.

அக்காவுக்கும் அனுப்பினான். திருச்சியிலிருந்து உடனே எனக்கு போன் வந்தது.

"ஏண்டா, ஓடிப்போறவன் எதுக்குடா என்கிட்ட சொல்றான்? நான் தடுக்கணுமா, வழியனுப்பணுமா?"

அடுத்த அரைமணியில் பஞ்சாங்கம் பார்த்துவிட்டு மறுபடி அழைத்தாள். "புரட்டாசிடா. மகாளய பட்சம் வேற. அந்தத் தேதியில எவனாவது கல்யாணம் பண்ணுவானா?" அதனால்தான் போட்டோக்காரர் கிடைத்தார் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

பூங்காவில் கல்யாணம் செய்ய அனுமதி விண்ணப்பம் உண்டு. எத்தனை பேர், எத்தனை கார், எந்த இடம், எத்தனை மணி என்று எல்லாம் எழுதித் தர வேண்டும். பதிலுக்கு அவர்கள் கூடாதவற்றைச் சொல்வார்கள். பூவிதழ் தூவக் கூடாது. அரிசி தூவக் கூடாது, ஆகவே அட்சதை போயிற்று. ட்ரோன் 2014 முதல் எந்தத் தேசியப் பூங்காவிலும் கூடாது. மற்ற பார்வையாளர்களைத் தடுக்கக் கூடாது. அந்தக் காட்டுப் பாதையில் நாய் கூடாது. இதுதான் அவனை உலுக்கிவிட்டது. மாப்பிள்ளைத் தோழனே நாய்தான். அதற்குப் பட்டுச் சட்டைகூடத் தைத்தாயிற்று. விஷயத்தைக் கேட்ட அக்கா, "நாய்க்காவது அழைப்பு இருந்துச்சு" என்றாள். அதற்கு மேல் பேசவில்லை.

வாஷிங்டன் மாநிலச் சட்டப்படி திருமண லைசென்ஸ் வாங்கி மூன்று நாள் பொறுக்க வேண்டும். நடத்திவைக்க ஒருவர், சாட்சிக்கு இருவர் வேண்டும். நடத்திவைக்க, இணையத்தில் ஐந்தே நிமிடத்தில் குருப்பட்டம் வாங்கிய அவனுடைய ஆபீஸ் நண்பன். சாட்சிகள் நானும் பெண்ணின் தோழியும். "கொலராடோவில் புரோகிதரும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம், ஜோடியே கையெழுத்துப் போட்டால் போதுமாமே, அங்கே ஓடேன்" என்று சொல்லிப் பார்த்தேன். "அங்க இந்தப் பாசி இல்லையே மாமா" என்றான்.

நம் சிறப்புத் திருமணச் சட்டத்தில் மூன்று நாள் இல்லை, முப்பது நாள் முன்னறிவிப்பு. உண்மையிலேயே ஓடுகிறவர்களுக்கு அந்த முப்பது நாள்தான் எமன். அறிவிப்புப் பலகையில் பெயரைப் பார்த்துவிட்டு வீட்டு ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். அப்படி ஓடி உயிரை விட்டவர்களும் உண்டு. இவன் கவலை பாசியைப் பற்றி. அந்த மட்டில் முன்னேற்றம்தான்.

அந்த டிசம்பரில் வெள்ளம் வந்து ஹோ காட்டுக்குப் போகும் சாலையை அரித்துக்கொண்டு போயிற்று. ஓடிப்போகச் சாலை இல்லை. 2025 மே மாதம் திறக்கும்வரை பையன் ஒரு சுற்று இளைத்துவிட்டான். மண்டபக் கல்யாணத்தில் சமையல்காரர் காலைவாரிய வீட்டுக்காரர்களின் முகத்தில் பார்த்த அதே களை.

செப்டம்பர் 18 வந்தது. ஃபோர்க்ஸ் என்ற சிற்றூரில் முந்தின இரவு தங்கிவிட்டு, இருட்டோடு கிளம்பினோம். மழை, 'கொஞ்சம்' வகை. ஆற்றங்கரையில் குரு இரண்டு நிமிடம் பேசினார். எக்செலில் இல்லாத ஒரே பொருள் என் கோட்டுப் பையில் இருந்தது: அக்கா கூரியரில் அனுப்பிய மஞ்சள் கயிறு. நீட்டினேன். பையன் முறைத்தான், ஓஹையோக்காரியான மணப்பெண் தலையைக் குனிந்து கொடுத்துவிட்டாள். பச்சை ரெயின்கோட்டில் அந்தப் பக்கம் வந்த ஒரு பாட்டியம்மா, யார் எவரென்று தெரியாமலே அழுதாள். தூரத்தில் ஓர் எல்க் மான் மேய்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. ஐம்பது கஜம் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. அதுதான் அந்த விதியை மதித்து நின்றது.

எல்லாம் பன்னிரண்டு நிமிடம். பிறகு போட்டோ மூன்றரை மணி நேரம். கிளையெல்லாம் பாசி தொங்கும் அந்தப் புகழ்பெற்ற பாதைக்குப் போனோம். அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழாக்கினால் 'பாசி மண்டபம்'. "மண்டபம் வேணாம்னு ஓடி, மண்டபத்துலயே வந்து நிக்கிறியேடா" என்றேன். அவன் கவனமெல்லாம் மணப்பெண்ணின் வெள்ளைக் கவுன் விளிம்பில். அதில் ஒரு சாண் நீளத்துக்கு வாழைப்பழ நிறத்தில் ஒரு நத்தை, ஓடில்லாதது, மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. அதை எடுக்கலாமா, இயற்கையில் தலையிட்டதாகுமா என்று அவன் யோசித்து முடிப்பதற்குள் அவள் ஓர் இலையால் வழித்துப் பக்கத்திலேயே விட்டாள். பையன் பிழைத்துக்கொள்வான் என்ற நம்பிக்கை எனக்கு அப்போதுதான் வந்தது.

"இப்போ ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டு ஓடுங்க" என்றார் போட்டோக்காரர். ஓடினார்கள். இருபதடி. "இன்னொரு தடவை, கொஞ்சம் இயல்பா." மறுபடி ஓடினார்கள். மூன்றாவது தடவை சரியாக வந்தது. பதினாலு மாதத் திட்டத்தில் ஓடியது அந்த அறுபதடிதான்.

காட்டில் சிக்னல் கிடையாது. ஃபோர்க்ஸ் வந்து அழைத்தபோது திருச்சியில் இரவு ஒரு மணி தாண்டியிருந்தது. அக்கா முதல் மணியிலேயே எடுத்தாள். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். பிறகு, "நனைஞ்சீங்களா?" கடைசியில்தான், "கட்டினானா?"

வரும் தை மாதம் தில்லைநகரில் வரவேற்பு. சிம்பிளாகத்தான், ஆயிரத்து இருநூறு பேர். அட்சதை உண்டு, நாய்க்கும் இடம் உண்டு. அவசியம் வாருங்கள். மொய் வேண்டாம் என்று பையன் சொல்லியிருக்கிறான், அக்கா சொல்லவில்லை.