போர்க் கேமராவும் பெரியப்பாவின் காதும்

முத்தாபுதுப்பேட்டையில் குடியிருப்பவனுக்குக் கேமரா ஆசை வரக் கூடாது. விமானப்படை நிலையத்தின் மதில் பக்கத்திலேயே இருக்கிறது. படம் எடுக்கத் தடை என்பது மனசில் ஊறிப்போய், கல்யாண வீட்டில் செல்ஃபி எடுக்கும்போதுகூட எனக்குக் கை நடுங்கும். இந்த ஊரில் இருந்துகொண்டு என் நண்பன் ஆசைப்பட்டதோ விமானப்படைக் கேமரா மேல்.

அந்தக் கேமராக்களின் கதையில் நம் பக்கத்துக்கும் பங்கு உண்டு. 1942 டிசம்பர் 1 அன்று திருச்சியில் தொடங்கப்பட்ட இந்திய விமானப்படையின் 6-ஆம் ஸ்குவாட்ரன், மெஹர் சிங் தலைமையில் பர்மா முனைக்குப் போய், ஹரிகேன் விமானங்களில் கேமராவோடு பறந்து ஜப்பானியர் நடமாட்டத்தைப் படம்பிடித்து வந்தது. பிரிட்டிஷாரின் பதினான்காம் ராணுவத்தின் கண்கள் என்றே அதற்குப் பெயர். அமெரிக்கர்களிடம் கே-20 என்று ஒரு விமானக் கேமரா இருந்தது. ஹிரோஷிமாவின் காளான் மேகத்தைக் குண்டு போட்ட விமானத்தின் வால்பக்கத் துப்பாக்கி வீரர் பாப் கேரன் எடுத்தது அதில்தான்.

கே-20-இல் ஃபோகஸை மாற்ற வழியே கிடையாது. தூரத்தில் இருப்பதெல்லாம் துல்லியம், பக்கத்தில் நிற்பவர் கலங்கல். வெளிநாட்டில் செட்டிலான சில சொந்தக்காரர்களுக்கும் இதே பார்வைதான்.

அதனால் போர் முடிந்து இதுபோன்ற விமானக் கேமராக்கள் கழிவு விலைக்கு வந்தபோது, விவரமான போட்டோகிராபர்கள் லென்ஸைக் கழற்றிக்கொண்டு உடம்பை விட்டுவிட்டார்கள். அப்படிக் கழற்றப்பட்ட லென்ஸ்களில் அதிகம் அடிபடும் பெயர் கோடக்கின் ஏரோ எக்டார். 178 மில்லிமீட்டர், எஃப் 2.5. அதற்குள் ஷட்டர் கிடையாது. ஸ்பீடு கிராபிக் என்ற பழைய பத்திரிகைக் கேமராவுக்கோ பின்பக்கமே திரை ஷட்டர் உண்டு. பத்துப் பொருத்தமும் அமைந்துவிட்டது. 2004 அமெரிக்கத் தேர்தலில் எல்லோரும் டிஜிட்டலில் சுட்டுத்தள்ள, போட்டோகிராபர் டேவிட் பர்னெட் இந்த ஜோடியைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். ஒருவர் முகம் மட்டும் பளிச்சென்று நிற்கும், சுற்றியிருக்கும் கூட்டம் கரைந்துபோகும். ஊரையே வரி வரியாகப் படிக்கச் செய்த லென்ஸை, முக்கால்வாசியை மங்கவைக்கிறது என்பதற்காகவே காசு கொடுத்து வாங்குகிறார்கள்!

நண்பனும் அந்த ஜோடியை வாங்கினான். லென்ஸ் கண்ணாடி டீ நிறத்தில் இருந்தது. அதில் தோரியம் கலந்திருப்பதால் வருஷக்கணக்கில் பழுப்பேறுமாம், வெயிலில் வைத்தால் தெளியுமாம். மொட்டைமாடியில் வடாம் பக்கத்தில் வைத்தான். "இது எப்படா காயும்?" என்றார் அவன் அம்மா. கதிரியக்கம் என்று மட்டும் யாரும் அவரிடம் சொல்லவில்லை. எத்தனை வருஷம் உழைக்கும் என்று என் பெரியப்பா கேட்டார். தோரியத்தின் அரை ஆயுளே சுமார் 1,400 கோடி வருஷம் என்றேன். அவருக்குப் பரம திருப்தி.

பெரியப்பாவுக்குப் பென்ஷன் விஷயமாக ஒரு போட்டோ தேவைப்பட்டது. ஸ்டூடியோவுக்கு எதற்குத் தண்டம் என்று நண்பன் முன்னால் உட்கார்ந்துவிட்டார். மூச்சு விட்டாலே ஃபோகஸ் நகர்ந்துவிடும் என்று அவரை அடக்கி ஒடுக்கி எடுத்தான். பிரிண்ட் வந்தது. வலது கண்ணின் இமை முடியை ஒவ்வொன்றாக எண்ணலாம். மூக்கு ஆவியாகத் தொடங்கியிருந்தது. காதுகள் வெறும் புகை.

"என்ன ஒரு ஆழம் பார்த்தீங்களா!" என்றான் நண்பன்.

பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். "பென்ஷன் வாங்க ஆள் உயிரோட இருக்கணும்பா. இதுல என் வலது கண்ணு மட்டும்தானே உயிரோட இருக்கு?"