ரெண்டு பேர் பாடினால் ஒரே பாட்டா?

கே: ஒரே கீர்த்தனைக்கு நாலஞ்சு ரெக்கார்டு வாங்கி வெச்சிருக்கீங்களாமே, ஒண்ணு பத்தாதுங்களா?
(வெற்றிலை விவசாயி, அந்தியூர்)

ப: ஒரே கொடிக்காலில் கிள்ளிய வெற்றிலையைக் கொழுந்து தனி, முத்தல் தனி என்று நீங்கள் ஏனுங்க பிரிக்கிறீர்கள்? தியாகராஜரின் ‘சாமஜ வரகமனா’வை எடுத்துக்கொள்ளுங்கள். ஹிந்தோள ராகம், ஆதி தாளம். முதலில் ஜி.என்.பாலசுப்பிரமணியம் பாடியதைப் போடுங்கள். பிருகா மின்னலாக வந்து விழும். பல வருஷம் அதை மட்டுமே கேட்டு, அது துள்ளலான பாட்டு என்றே நினைத்திருந்தேன். பிறகு எம்.டி.ராமநாதன் பாடியது கைக்கு வந்தது. அடிக்குரலில், அவசரமே இல்லாமல், ஒவ்வொரு சொல்லையும் தரையில் பதித்துப் பாடுகிறார். ‘சாமஜம்’ என்றால் யானை. யானை நடை உடையவனே என்று கூப்பிடுகிற பாட்டு அது. அந்த நடையை எனக்குக் காட்டியவர் ராமநாதன்தான். அதற்குப் பிறகு ஜி.என்.பி.யை மறுபடி கேட்டேன். அவர் பாட்டிலும் யானை இருந்தது, இள யானை.

கே: ஜி.என்.பி.யா, செம்மங்குடியா? மழுப்பாமல் ஒரு பேர் சொல்லுங்கள்.
(ஓய்வு பெற்ற ஆசிரியர், கோபிசெட்டிபாளையம்)

ப: காலையில் கடிதம் போட்டிருந்தால் ஜி.என்.பி. நீங்கள் போட்டது ராத்திரி. செம்மங்குடி.

கே: எங்க அம்மாயி வீட்டுப் பழைய தட்டுல எல்லாரும் ரயிலைப் பிடிக்கப் போற மாதிரியே பாடறாங்களே, ஏனுங்க?
(கல்லூரி மாணவி, பவானி)

ப: நிஜமாகவே ரயிலைப் பிடிக்கத்தான் பாடினார்கள். நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் பத்து அங்குலத் தட்டில், ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம்தான் இடம். ஆலாபனை, பல்லவி, சரணம், கொஞ்சம் சுரம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். 1925 வாக்கில் மைக் வைத்துப் பதியும் முறை வருகிற வரை, பெரிய தகரக் குழாயின் வாய்க்கு நேராக நின்று கத்திப் பாட வேண்டும். 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய தட்டுகளில், பாட்டு முடிந்ததும் அவர் தன் பெயரைத் தானே சொல்வார். தட்டு அச்சானது ஜெர்மனியின் ஹானோவரில். அங்கே இருப்பவர்களுக்கு யார் பாடினார்கள் என்று தெரிய வேண்டுமே!

நம் கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள் அம்மாவின் தட்டைக் கேட்கும்போது இதை மனதில் வையுங்கள். மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்கப் பழகிய தொண்டை அது, அவரோடு நடித்த கிட்டப்பாவின் தொண்டையும் அப்படித்தான். ஊர்வலத்தில் மணிக்கணக்காகத் தோடி வாசித்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையையும் இதே மூன்று நிமிஷத்துக்குள்தான் அடைத்தார்கள். இந்தக் காலத்து இரண்டரை மணி நேரக் கச்சேரிப் பதிவோடு அந்தத் தட்டைத் தராசில் வைத்து, “அந்தக் காலத்தில் விஸ்தாரம் இல்லை” என்று யாராவது சொன்னால் எனக்கு வலிக்கிறது. விஸ்தாரம் இருந்தது. தட்டில்தான் இடம் இல்லை.

கே: ஜாஸ் கேட்டுப் பார்த்தேன், பிடிபடவில்லை. எங்கே தொடங்குவது?
(ஜமக்காள வியாபாரி, பவானி)

ப: மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’, 1959. அதிலும் முதல் உருப்படி ‘ஸோ வாட்’ மட்டும். கரகரப்பிரியாவின் ஏழு சுரமும் கமகம் இல்லாமல் அதில் இருக்கின்றன, காது பயப்படாது. முதல் பதினாறு சுற்று ஒரு சட்ஜமம். அடுத்த எட்டுக்குச் சட்ஜமமே அரை சுரம் மேலே ஏறிவிடும், பிறகு எட்டுச் சுற்றுக்குப் பழைய இடத்துக்கே இறங்கிவிடும். தம்புரா நகராத நம் கச்சேரியில் பழகியவர்களுக்கு, உட்கார்ந்திருக்கும் திண்ணையே ஒரு படி உயர்ந்த மாதிரி இருக்கும். அந்தத் திடுக்கிடலுக்காகவே கேட்கலாம்.

அப்புறம் ஒப்பிடும் வேலையை ஆரம்பியுங்கள். முதலில் மைல்ஸ் ட்ரம்பெட்டில் வாசிப்பார். அடுத்து ஜான் கோல்ட்ரேன், அதற்கடுத்து கேனன்பால் ஆடர்லி, இருவரும் சாக்ஸபோன். மூவருக்கும் அதே ஏழு சுரம், அதே சுற்று. மைல்ஸ் சுரத்துக்குச் சுரம் இடைவெளி விட்டு வாசிக்கிறார்; கோல்ட்ரேன் அந்த இடைவெளியை எல்லாம் நிரப்பப் பார்க்கிறார்; ஆடர்லி சிரித்துப் பேசுகிறார். ஒரே தட்டுக்குள்ளேயே மூன்று பாணி. எங்கள் வீட்டில் நிரவல் கேட்கிற காதோடு இதைக் கேட்ட ஒரு பெரியவர், கோல்ட்ரேன் வந்ததும் தொடையில் தட்டினார்.

கே: கண்ட சாபு போடத் தெரிந்தால் ‘டேக் ஃபைவ்’ புரியுமா?
(மிருதங்கம் கற்பவர், ஈரோடு)

ப: திருப்பிப் போடுங்கள். நம்முடையது ‘தக தகிட’, பால் டெஸ்மண்ட் எழுதியது ‘தகிட தக’. எண்ணிக்கை ஐந்துதான், தொடைதான் இடறும்.

கே: சாக்ஸபோனில் கமகம் வருமா?
(ஜவுளிக்கடை ஊழியர், ஈரோடு)

ப: கத்ரி கோபால்நாத்தைக் கேட்ட பிறகுமா இந்தக் கேள்வி? நாகஸ்வரக் குடும்பத்துப் பிள்ளை. மைசூர் அரண்மனை பேண்டில் அந்தக் கருவியைக் கேட்டு மயங்கி, அதைக் கர்நாடக சங்கீதத்துக்கு வளைத்தவர். 1994இல் வந்த ‘டூயட்’ படத்தில் நீங்கள் கேட்டது அவர் மூச்சுதான். இன்னும் ஒரு படி மேலே போக, 2008இல் வெளியான ‘கின்ஸ்மென்’ கேளுங்கள். அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவும் கத்ரியும் ஆளுக்கொரு சாக்ஸபோன். அ.கன்யாகுமாரி வயலின். கருவி ஒன்றே, ஒருவர் சுரத்தை அசைக்கிறார், இன்னொருவர் சுரத்திலிருந்து தாவுகிறார். கண்ணை மூடிக்கொண்டு இது யார், இது யார் என்று சொல்லிப் பாருங்கள்.

கே: ஒருத்தரே ரெண்டு தடவை பதிஞ்சதை ஒப்பிட்டுப் பார்க்கறதுல என்னங்க இருக்குது?
(விவசாயி, காங்கேயம்)

ப: ஆளே மாறியிருப்பார். கனடா நாட்டு கிளென் கூல்ட், பாக்கின் ‘கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்’ஸை 1955இல் 22 வயதில் பியானோவில் பதிந்தார், சுமார் 38 நிமிஷம். 1981இல் மறுபடி பதிந்தார், சுமார் 51 நிமிஷம். அது வெளிவந்த சில நாளில் இறந்துபோனார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், நடுவில் போன 26 வருஷமும் காதில் விழும்.

காங்கேயத்துக்காரர் நீங்கள் கேட்டதால் இதையும் சொல்கிறேன். உங்கள் பக்கத்து ஓலப்பாளையத்தில் 1965இல் பிரெண்டா பெக் என்ற மானுடவியலாளர் டேப் ரெக்கார்டரோடு உட்கார்ந்து, பொன்னர் சங்கர் கதையை, நம் அண்ணன்மார் கதையை, இரவு இரவாகப் பதிந்தார். ஊர் ஜனங்கள் முன்னால் உடுக்கையோடு பாடியது ஒன்று. அதே பாடகர், கூட்டம் இல்லாமல், எழுதிக்கொள்வதற்காகச் சொன்னது இன்னொன்று. இரண்டையும் வைத்து ஒப்பிட்டு அவர் புத்தகமே எழுதினார். கதை ஒன்று, வாய் ஒன்று; எதிரில் ஆள் உட்கார்ந்திருந்தால் கதை வேறு மாதிரி வளர்கிறது. கச்சேரிப் பதிவையும் ஸ்டுடியோப் பதிவையும் பக்கத்தில் வைத்துக் கேட்கிறவர்கள் தேடுவதும் இதைத்தான். சென்னைக்கும் நியூயார்க்குக்கும் போக வேண்டியதில்லை, பாடம் உங்கள் ஊர் மண்ணிலேயே நடந்திருக்கிறது. அந்த உடுக்கைச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். யாரிடமாவது நல்ல பாடகரின் பதிவு இருந்தால், தயவுசெய்து பிரதி எடுத்து வையுங்கள்.

கே: கேசட் இரவல் கொடுப்பீர்களா?
(முடி திருத்துநர், அத்தாணி)

ப: கொடுப்பேன். பின்பக்கம் இருக்கிற இரண்டு பிளாஸ்டிக் காதையும் உடைத்துவிட்டுத்தான். ஒரு தொண்ணூறு நிமிஷ கேசட்டில் மதுரை மணி ஐயர் கச்சேரி ஒன்றை யாரிடமோ கெஞ்சிப் பதிந்து வைத்திருந்தேன். காதை உடைக்காமல் நண்பர் ஒருவருக்குக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது சுரம் பாடும் இடத்தில் ஒரு கல்யாண வீட்டுப் பேச்சு. அவர் தெரிந்து செய்யவில்லை. அந்தக் கச்சேரியின் இன்னொரு பிரதியை இன்றுவரை தேடுகிறேன். அந்தச் சுரங்கள் இன்னும் மனதில் ஓடுகின்றன, அவை நின்ற இடம் வரைக்கும்.

கே: போனிலேயே எல்லாம் கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பாட்டு கேட்க உங்கள் மாடிக்கு ஏன் வர வேண்டும்?
(பத்தாம் வகுப்பு மாணவர், அந்தியூர்)

ப: போன வாரம் ‘ஸோ வாட்’ ஓடிக்கொண்டிருந்தது, தம்பி. சட்ஜமம் மேலே ஏறுகிற இடத்தில், சங்கீதமே தெரியாது என்று சொல்லிக்கொண்டு வந்த ஒரு டெம்போ ஓட்டுநர் “கியர் மாத்தறான்” என்றார். அந்த உருப்படியை நாற்பது வருஷமாகக் கேட்கிறேன், எனக்கு அந்த வார்த்தை ஒரு நாளும் தோன்றவில்லை. இந்த வாரம் ராஜரத்தினம் பிள்ளை தோடி. அஞ்சு மணிக்கு வாப்பா. உனக்குப் பிடித்த பாட்டு எதுவானாலும் ஒன்று கொண்டு வா, தோடிக்குப் பிறகு அதைத்தான் போடுவோம்.