கில்ட்டியல்: சட்டை அதிகாரம்

கில்ட் என்பது ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் கம்பளி ஆடை. முழு அளவில் தைத்தால் 8 கஜம் துணி பிடிக்கும். முன்பக்கம் தட்டை, பின்பக்கம் கொசுவம். பேண்ட் நிற்கும் இடத்துக்குச் சற்று மேலே, தொப்புளை ஒட்டி ஏறி நின்று, முழங்காலில் முடியும். இதுவரை சொன்னதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆதலால் ஆராய்ச்சிக்கும் இதில் வேலை இல்லை. ஆராய்ச்சி தொப்புளுக்கு மேலே தொடங்குகிறது.

கில்ட்டோடு அணியத்தக்க சட்டை எது என்பது பற்றிய முதல்நூல் இன்னும் எழுதப்படவில்லை. இது குறை அன்று. எழுதிய நூலை மேற்கோள் காட்டினால் பக்க எண் தர வேண்டும். யாராவது புரட்டிப் பார்த்துவிடும் ஆபத்தும் உண்டு. எழுதாத நூலில் அந்தத் தொல்லை கிடையாது. இனி அது ‘எழுதாநூல்’ எனச் சுட்டப்படும்.

தோற்றம்

கில்ட்டுக்குச் சட்டை தேடுவதே முறைகேடு. இரண்டில் சட்டைதான் மூத்தது. ஹைலாந்து மலைமக்கள் நீண்ட லினன் சட்டை உடுத்திப் பழகிய பிறகு, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் உடல் முழுவதும் சுற்றும் பெரிய கில்ட் தலைகாட்டுகிறது. இடுப்போடு நின்றுவிடும் சின்ன கில்ட் 18ஆம் நூற்றாண்டுச் சரக்கு. 1645 ஆகஸ்டில் கில்சைத் போர்க்களத்தில் வெயில் தாங்காமல் மான்ட்ரோஸ் பிரபுவின் மலைப்படையினர் மேலே சுற்றியிருந்ததைக் களைந்து எறிந்தார்கள்; சட்டையின் வாலைக் கால்களுக்கு நடுவே முடிந்துகொண்டு சண்டையிட்டு வென்றார்கள். ஆக, கில்ட் இல்லாமல் சட்டை வென்றதற்குச் சான்று உண்டு. சட்டை இல்லாமல் கில்ட் வென்றதற்கு இல்லை (எழுதாநூல், பாயிரம்).

லாக்கி ஏரிச் சிக்கல்

1544 ஜூலையில் லாக்கி ஏரிக்கரையில் ஃப்ரேசர் குலத்தாரும் கிளான்ரனால்ட் மெக்டொனால்டு குலத்தாரும் மோதிக்கொண்டார்கள். இரு தரப்பிலும் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே ஆட்கள் மிஞ்சியதாக மரபுக்கதை. இச்சண்டைக்குக் கேலிக் மொழியில் ‘பிளார் நா லேனி’ என்று பெயர். ‘லேனி’ என்றால் சட்டை. வெயிலில் மேலாடையைக் கழற்றிவிட்டுச் சட்டையோடு போரிட்டதால் வந்த பெயர் என்பது ஒரு சாரார் கருத்து. மற்றொரு சாரார் அது ‘லேனா’ என்பதன் திரிபு என்கின்றனர். ‘லேனா’ என்றால் ஈரப் புல்வெளி. அத்தனை பேர் மாண்ட இடத்தில் ஆராய்ச்சியின் கண்ணில் பட்டது ஓர் ஈற்றுயிர்.

இங்கிருந்து எழுதாநூலே துணை. சட்டைக் கட்சியின் கையில் இருப்பது ஜூலை மாதம். ஸ்காட்லாந்தின் ஜூலையை நேரில் பார்த்த எவரும் இதை ஒப்பமாட்டார் என்று புல்வெளிக் கட்சி மறுக்கும். இரண்டையும் இணைக்க வந்தது ஈரச்சட்டைக் கொள்கை: ஈரப் புல்வெளியில் புரண்டதால் சட்டை நனைந்தது, ஆகவே இரு பாடமும் சரி (எழுதாநூல், 4ஆம் தொகுதி, செல்லரித்த பகுதி). இதைத் தகர்க்க எழுந்தது உலர்த்தற் கொள்கை: சட்டைகள் புல்வெளியில் காயப்போடப்பட்டிருந்தன; எது யாருடையது என்பதிலேயே சண்டை மூண்டது (எழுதாநூல், 2ஆம் பதிப்பின் முன்னுரைக்கு வந்த மறுப்புக்கு எழுதிய சமாதானத்தின் பிற்சேர்க்கை, அச்சேறாத அடிக்குறிப்பு 212). அந்த அடிக்குறிப்பே இடைச்செருகல் என்பார் உளர். அவர்களும் அடிக்குறிப்பில்தான் உளர். கடைக்குப் போய்ச் சட்டை எடுக்கிறவருக்கு இதனால் என்ன பயன் என்ற வினா ஆய்வு நெறிக்குப் புறம்பானது.

கயிற்றுச் சட்டை

கழுத்தில் பொத்தானுக்குப் பதிலாகத் தோல்கயிறு கோத்த சட்டை. ‘ஜேக்கோபைட் சட்டை’ என்று விற்கப்படுகிறது. அணிந்தவர் 1746இல் கல்லோடன் களத்தில் நின்ற ஜேக்கோபைட் வீரனாகத் தம்மை உணர்கிறார். அந்தக் காலத்துச் சட்டையின் கழுத்தோ பொத்தான் போட்டு மூடுவது. ‘பிரேவ்ஹார்ட்’ (1995) படம் 1305இல் இறந்த வில்லியம் வாலஸுக்கு ஏறத்தாழ 300 ஆண்டு முன்கூட்டியே கில்ட் கட்டிவிட்டது. அதோடு ஒப்பிட்டால் கயிறு சிறு பிழை. நடைமுறைக் குறை ஒன்றுண்டு: குனிந்தால் கயிற்றின் நுனி சூப்பில் விழும்.

சிறகுக் காலர்

பிரின்ஸ் சார்லி கோட்டு, கறுப்பு வில் டை ஆகியவற்றோடு திருமணங்களுக்கு வாடகைக் கடைகள் தருவது. கல்லோடனில் தோற்ற இளவரசரின் பெயர் கொண்ட இக்கோட்டை அவர் கண்ணால் கண்டதில்லை. சிறகுக் காலர் வெள்ளை வில் டைக்கே உரியது, கறுப்புக்கு மடித்த காலர்தான் என்பது ஆசாரவாதிகளின் தீர்ப்பு. அதைக் கேட்டு மாப்பிள்ளை கழற்றிக் கொடுத்ததாகத் தகவல் இல்லை.

மடித்த காலர்

ஆர்கைல் கோட்டுக்கு வெள்ளைச் சட்டை, நீள டை. ட்வீட் கோட்டுக்கு மெல்லிய கட்டம் போட்டது. பெரும்பாலோருக்கு இது போதும் என்பதால் இதைப் பற்றி யாரும் ஆய்வதில்லை.

லேஸ் மார்பு

வெல்வெட் கோட்டும் கழுத்தில் லேஸ் தொங்கலும் அணியத் துணிந்தவருக்கு அறிவுரை தேவைப்படாது.

ரக்பி ஜெர்சி

ஸ்காட்லாந்து அணி ஆடும் மரேஃபீல்ட் மைதானத்துக்கு நீல ஜெர்சியே மரபு, தோற்றாலும் அதுவே.

டி-ஷர்ட்

ஹைலாந்து விளையாட்டுகளில் முழு மரத்தடியை நிமிர்த்தி எறிகிறவர் எதை அணிந்தாலும் பொருத்தமே; மறுப்பவர் கிட்டே போய் மறுக்கலாம்.

நிறம்

கில்ட்டுத் துணியின் டார்ட்டன் கட்டத்தில் உள்ள மிக மெல்லிய கோட்டின் நிறத்தில் சட்டை எடுப்பது ஒரு வழி. வெள்ளை எடுப்பது தப்பும் வழி. கட்டத்துக்கு மேல் கட்டம் கண்ணுக்குக் கேடு. எந்தக் குலத்துக்கு எந்தக் கட்டம் என்பதற்கு நெடுநாள் ஆதாரமாக இருந்தது 1842இல் வெளிவந்த ‘வெஸ்டியாரியம் ஸ்காட்டிகம்’. பழஞ்சுவடியிலிருந்து பெயர்த்ததாகச் சொல்லி 75 டார்ட்டன்களைப் படத்தோடு தந்த சோபியெஸ்கி ஸ்டூவர்ட் சகோதரர்கள், அந்த மூலச்சுவடியைக் கடைசிவரை யாருக்கும் காட்டவில்லை. நூல் போலி என்று நிறுவப்பட்டது. அதில் வந்த பல கட்டங்களைக் குலங்கள் இன்றும் பெருமையோடு உடுத்துகின்றன. எழுதாநூலுக்கு முன்னோடி உண்டு என்பது இதனால் பெறப்படும்.

ஹைலாந்து மரபு பெரிதும் பிற்காலப் புனைவே என்று வாதிட்ட வரலாற்றாசிரியர் ஹியூ டிரெவர்-ரோப்பரின் கட்டுரை 1983இல் வெளியானது. அதே ஆண்டில் ஹிட்லரின் நாட்குறிப்புகள் என்று வந்த போலிகளை மெய்யென்று உறுதிசொன்னவரும் அவரே. போலி மரபைக் கண்டுபிடிப்பதற்கும் போலி நோட்டுப்புத்தகத்தைக் கண்டுபிடிப்பதற்கும் வெவ்வேறு கண் வேண்டும் போலும்.

1822இல் எடின்பரோவுக்கு வந்த நான்காம் ஜார்ஜ் மன்னர் கில்ட்டுக்கு அடியில் இளஞ்சிவப்புக் காலுறை இறுக்கி அணிந்திருந்தார். பின்னர் டேவிட் வில்கி தீட்டிய ஓவியத்தில் அது இல்லை. மன்னர் இளைத்தும் இருக்கிறார். நல்ல பதிப்பாசிரியர் செய்யும் பணி இது.

வால்

சட்டையின் உறுப்புகளில் தலையாயது வால். காலரும் நிறமும் புகைப்படத்துக்கு, வால் ஆட்டத்துக்கு. திருமண இரவில் ‘கேலி’ எனப்படும் ஆட்டக்கூட்டம் கூடும். (தமிழ்க் கேலியோடு இதை உறவுபடுத்தும் சொல்லாய்வாளர் இன்னும் புறப்படவில்லை, புறப்படுவார்.) அக்கார்டியன் வேகமெடுக்கிறது. மாப்பிள்ளைத் தோழர் எதிரே நிற்கும் பெண்ணைச் சுழற்றிவிடக் கையை உயர்த்துகிறார். சட்டை இரண்டு விரற்கடை மேலேறுகிறது. இரண்டாம் சுற்றில் வால் கில்ட்டின் வார்ப்பட்டையைத் தாண்டி வெளியே வருகிறது. மூன்றாம் சுற்றில் வெய்ஸ்ட்கோட்டுக்கும் கில்ட்டுக்கும் இடையே வெள்ளைத் துணி ஒரு பக்கமும் வயிறு ஒரு பக்கமும். வாடகைச் சட்டையின் பொத்தான் ஒன்று தரையில் உருள்கிறது. காலரைப் பற்றிய விவாதம் அக்கணமே காலாவதியாகிறது.

எனவே விதி: கில்ட்டைக் கட்டிக்கொண்டு இரு கையையும் தலைக்கு மேல் உயர்த்திப் பார்க்க வேண்டும். வால் வெளியே வராவிட்டால் சட்டை பொருத்தம். வந்தால் இன்னும் நீளமானது வேண்டும். நீண்ட வால் கம்பளியின் அரிப்பையும் தடுக்கும். அவ்வால் உள்ளே எதுவரை செல்கிறது, அங்கே அதற்குத் துணையாக வேறேதும் உண்டா என்பவை அடுத்த அதிகாரத்துக்கு உரியவை. அதுவும் எழுதப்படவில்லை.